வாங்கிக் குவித்த கேம்களை எப்போது ஆடி முடிப்பது?

தண்டையார்பேட்டைக்காரன்:
வேலை கிண்டியில். மெட்ரோ இருப்பதால் பயணம் பரவாயில்லை, ஆனாலும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, பாப்பாவைத் தூங்க வைத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார மணி பத்தரை ஆகிவிடுகிறது. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் தள்ளுபடி என்றால் கை சும்மா இருக்காது, இன்னொரு தளமான எபிக் வேறு வாரா வாரம் இலவசமாக கேம் தருகிறான். விட்சர் 3 என்ற கேம் பாதியில் நிற்கிறது, திறந்தால் எந்த பட்டன் எதற்கு என்றே மறந்துவிட்டது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

காசிமேடு கேமர்:
அண்ணா, விட்சர் 3 முக்கியக் கதை மட்டுமே 50 மணி நேரத்துக்குப் பக்கம். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். வார நாளில் ஹேடிஸ் என்ற கேமைப் போடுங்கள். ஒரு ஓட்டம், அதாவது முதலிலிருந்து ஒரு முறை ஆடுவது, சுமார் அரை மணி நேரம், நடுவில் பாப்பா அழுதால் வெளியேறிவிடலாம், திரும்ப வந்தால் அதே அறையின் தொடக்கத்தில் நிற்பீர்கள்.

பெரம்பூர் லோகோ:
முதலில் இலவசமாக வந்ததைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள், அது கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரி. காசு கொடுத்து வாங்கியதை அன்றைக்கே ஆடிப் பாருங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அப்புறம், பிடிக்காததை முடித்தே தீர வேண்டும் என்று எவன் சொன்னான்? அழித்துவிடுங்கள்.

காசிமேடு கேமர்:
விட்சரில் எங்கே நிற்கிறீர்கள் அண்ணா?

தண்டையார்பேட்டைக்காரன்:
நோவிகிராட் நகரத்தில். கதை எங்கே நகர்ந்தது, கேமுக்குள்ளேயே வரும் குவென்ட் சீட்டாட்டம்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

பெரம்பூர் லோகோ:
சரியாப்போச்சு.