சினிமா சாமிக்கு முகம் குடுத்தது ரவிவர்மாவா, கோவில்பட்டியா?

வைகைக்கரையான்:
அப்பத்தா வீட்டு பூசை ரூம்பை ஒதுக்கும்போது ஒரு பழைய சரஸ்வதி படம் கெடச்சுச்சு. வெள்ளச் சேலை, கையில வீணை, பாறை மேல உக்காந்திருக்கு, பக்கத்துல மயிலு, சேலைக் கரை பூராவும் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டி வச்சிருக்காக. திருவிதாங்கூர் ஓவியர் ராஜா ரவிவர்மா படம்தான், பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. மனுசன் 1894ல பம்பாய்ல அச்சகம் போட்டு அடிச்சு வித்தாரு பாருங்க, அதுலதான் சாமி வீட்டுக்கு வீடு வந்துச்சு, அங்கருந்துதான் சினிமாவுக்கும் போச்சு. 1913ல நம்ம நாட்டு மொத முழுநீளப் படம் ராஜா ஹரிச்சந்திராவ எடுத்த பால்கேயே அந்த அச்சகத்துல வேலை பாத்தவர்தான். 2020ல கூட சமந்தா, ரம்யா கிருஷ்ணன் எல்லாரும் அவர் ஓவியம் மாதிரியே நின்னு காலண்டருக்கு போட்டோ எடுத்தாக.

விளக்குத்தூண் பிரேம்கடை:
அண்ணே இத நான் ஒத்துக்கவே மாட்டேன். எங்கப்பா காலத்துலருந்து சாமி படத்துக்கு கண்ணாடி போடுறோம், வர்ற பொம்பளையாளுக மொதல்ல கேக்குறதே "உக்காந்த லட்சுமி இருக்கா"ன்னுதான், நின்னா வீட்டுல தங்காதாம். ரவிவர்மா லட்சுமி நிக்கிதுண்ணே! நம்ம சனம் கும்புட்டது கோவில்பட்டி கொண்டையராஜு வரைஞ்சு சிவகாசியில அடிச்ச காலண்டர் சாமிய. மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்துல சிலையா இருக்குற மீனாட்சி கல்யாணத்த வீட்டுச் செவத்துக்கு கொண்டாந்தது அவரு. ரவிவர்மா அம்மன பாத்தா எனக்கு ஏதோ பெரிய வீட்டு பொம்பளை மாதிரிதான் இருக்கு, கையெடுக்கத் தோணல.

நாடகப்பிரியை:
ரெண்டு பேருமே மேடைய விட்டுட்டீக. 1918ல நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இதே மதுரையில நாடக சபா ஆரம்பிச்சாரு, சின்னப் பயலுகளே நடிச்ச பாய்ஸ் கம்பெனில வேசம் கட்டுன பயலுகதான் பின்னாடி சினிமாவுக்கு போனாக. 1965 திருவிளையாடல்ல சிவாஜி நிக்கிறதும் நடக்குறதும் எந்த படத்துல இருக்கு? அது மேடையில பழகுனது தம்பி.

வைகைக்கரையான்:
சரிக்கா, அந்த மேடைக்கு பின்னாடி தொங்குன படுதா? தூரத்துல மலை, அரண்மனைத் தூணு, எல்லாம் அந்த எண்ணெய் ஓவிய பாணிதானே. பிரேம்கடைத் தம்பி, உங்க கொண்டையராஜுவும் நாடகக் கம்பெனிக்கு படுதா எழுதுனவர்தான். ரவிவர்மாவுக்கு மொதல்ல சொல்லிக்குடுத்த மாமா ராஜராஜவர்மா யார்கிட்ட படிச்சாரு? திருவிதாங்கூர் அரண்மனையில இருந்த அழகிரி நாயுடு, நம்ம மதுரைக்காரரு.

விளக்குத்தூண் பிரேம்கடை:
அழகிரி நாயுடு வெவரம் எனக்கு புதுசுண்ணே, எங்கப்பாகிட்ட சொல்றேன், ரொம்ப சந்தோசப்படுவாரு. ஆனா படுதா எழுதுனாருங்கிறதுக்காக சாமி முகமும் அங்கருந்து வந்துச்சுன்னு ஆகாது, கொண்டையராஜு அம்மன் நேரா நம்மளப் பாக்கும், அது கோயில்ல நிக்கிறப்ப கெடைக்கிற பார்வை. ஒங்க அப்பத்தா படத்துல அடியில அச்சகம் பேரு இருக்கா?

வைகைக்கரையான்:
பிரேம் கட்டை மறைக்குது, தெரியல.

விளக்குத்தூண் பிரேம்கடை:
நீங்க கழட்டிறாதீக, பேப்பர் நொறுங்கிரும். திங்கக்கெழம கடைக்கு கொண்டு வாங்க, அப்பா கழட்டட்டும்.