பி பிளாக் அஞ்செழுத்து

மூணாம் மாடி சார்: 8.30 ஆச்சு. வேர்டில் ஆட்டம்தான். நான் நினைச்ச அஞ்செழுத்து இங்கிலீஷ் சொல்லை ஆறு தடவைக்குள்ள கண்டுபிடிக்கணும். பச்சைன்னா எழுத்தும் இடமும் சரி. மஞ்சள்னா எழுத்து இருக்கு, இடம் வேற. வெள்ளைன்னா அந்த எழுத்தே இல்ல. ஆரம்பிங்க.

கவின் அம்மா: அடியூ சார். ஏ-டி-ஐ-ஈ-யூ. கவின் சொல்றான், நான் அடிக்கிறேன்.

தமிழ் டீச்சர்: எந்த டி?

கவின் அம்மா: டாக்டர் டி. இங்கிலீஷ்லயே அடிச்சா இந்த வம்பே இல்ல டீச்சர் 🙏

தமிழ் டீச்சர்: க்ரூப் ரூல் மாறாது. தமிழ்லதான் அடிக்கணும், அர்த்தமும் சொல்லணும்.

கவின் அம்மா: போய்ட்டு வரேன்னு அர்த்தம். பிரெஞ்சுல இருந்து வந்தது.

மூணாம் மாடி சார்: ⬜⬜⬜⬜⬜

நர்ஸ் அக்கா: ஒரே அடியில நாலு வவல் காலி. அப்ப ஓ தான். ஸ்டோரி. எஸ்-டி-ஓ-ஆர்-ஒய். டீச்சர் டி.

மூணாம் மாடி சார்: ⬜⬜⬜🟩🟨

நர்ஸ் அக்கா: ஓவும் இல்லையா???

கீழ் வீட்டு மாமா: மோட்டாரை யாரு போட்டுட்டு மறந்தது? டேங்க் நிறைஞ்சு என் ஸ்கூட்டர் மேல கொட்டுது.

மூணாம் மாடி சார்: மாமா, இது அந்த க்ரூப் இல்ல.

கீழ் வீட்டு மாமா: தண்ணி என்ன க்ரூப் பாத்தா கொட்டுது?

ஸ்டெல்லா அக்கா: வாட்ச்மேனுக்கு போன் பண்ணிட்டேன், ஆஃப் பண்றாராம்.

கவின் அம்மா: சார், வவல் இல்லாம வார்த்தையே வராதுன்னு மிஸ் சொன்னாங்களாம். கவின் சண்டைக்கு நிக்கறான்.

மூணாம் மாடி சார்: ஒய் இருக்கே தம்பி. சொல்லுக்கு நடுவுல வந்தா அது வவல் வேலைதான் பாக்கும். இப்படி வர்ற சொல்லு நிறைய கிரேக்கத்துல இருந்து வந்தது. அங்க உப்சிலான்னு ஒரு உயிரெழுத்து. லத்தீன்காரங்க அதை ஒய்னு எழுதினாங்க, இங்கிலீஷுக்கும் அப்படியே வந்துருச்சு.

நர்ஸ் அக்கா: அப்ப லிம்ஃப்! எல்-ஒய்-எம்-பி-எச். நிணநீர். கழுத்துல நெறி கட்டுதே, வீங்கறது நிணநீர்க் கணுதான். யானைக்கால்ல காலு அப்படி வீங்கறதும், புழு போய் நிணநீர் ஓடுற குழாயைக் கெடுக்கறதாலதான்.

மூணாம் மாடி சார்: க்ளாஸ் நல்லா இருக்கு. ஆனா நாலாவது ஆர் பச்சை. லிம்ஃப்ல ஆரே இல்லம்மா.

கவின் அம்மா: கிரிப்ட்?

நர்ஸ் அக்கா: டீச்சர் டி அவுட் ஆயிருச்சே. ஆரும் ரெண்டாவது இடத்துல நிக்குது.

ஸ்டெல்லா அக்கா: கிரிப்ட்னா சர்ச்சுக்கு அடியில இருக்கற நிலவறை கவின். சாந்தோம்ல தோமையார் கல்லறைக்குப் படி இறங்கிப் போவோம்ல, அது மாதிரி.

தமிழ் டீச்சர்: ட்ரிஸ்ட். 1947 ஆகஸ்ட் 14 ராத்திரி நேரு பேசினாரே, அதுல வர்ற சொல்.

நர்ஸ் அக்கா: அதுல ரெண்டு டி இருக்கு டீச்சர் 😭

தமிழ் டீச்சர்: தெரியும். சொல்லாம இருக்க முடியல. காதலர்கள் ரகசியமா சந்திக்கறதுக்குப் பேசி வச்சுக்கற இடம், நேரம். நம்ம அகத்திணையில பகல்ல சந்திச்சா பகற்குறி, ராத்திரின்னா இரவுக்குறி. நேரு விதியோட குறி வச்சது நடு ராத்திரி. ஆக அது இரவுக்குறி.

கீழ் வீட்டு மாமா: நாய் குரைச்சிருக்குமே 😂

தமிழ் டீச்சர்: சிரிக்காதீங்க, நிஜமாவே அப்படித்தான். நாய் தூங்கலன்னா, அம்மா தூங்கலன்னா, நிலா வெளிச்சமா அடிச்சா, கோழி கூவிட்டா, குறி தப்பிப்போகும். எல்லாத்துக்கும் பாட்டு இருக்கு.

மூணாம் மாடி சார்: ஆட்டத்துக்கு வாங்க. இன்னும் நாலு தடவைதான் இருக்கு.

கவின் அம்மா: நிம்ஃப். என்-ஒய்-எம்-பி-எச். இதுலயும் ஆர் இல்லன்னு அவனுக்குத் தெரியுமாம். வேற எழுத்து சிக்குதான்னு பாக்கறானாம். அர்த்தம், கரப்பான் குஞ்சு.

ஸ்டெல்லா அக்கா: ஐயோ, நான் தேவதைன்னுல்ல நினைச்சேன்!

மூணாம் மாடி சார்: ரெண்டும் சரி. கிரேக்கக் கதையில ஆத்துலயும் மலையிலயும் இருக்கற பொண்ணு. பூச்சியில, பெருசு மாதிரியே இருக்கும், றெக்கை மட்டும் முழுசா வளர்ந்திருக்காது.

கீழ் வீட்டு மாமா: எங்க சிங்க்குக்கு அடியில முப்பது தேவதை இருக்கு.

மூணாம் மாடி சார்: ⬜🟩🟨⬜🟩

நர்ஸ் அக்கா: டேய் கவின் 👏👏 ரெண்டாவது ஒய், நாலாவது ஆர், கடைசி எச். எம் மூணாவது கிடையாது, அப்ப முதல் இடம்தான். எம், ஒய், கோடு, ஆர், எச். இப்படி ஒரு சொல்லா? தொண்டையைக் கனைக்கற மாதிரி இருக்கு.

ஸ்டெல்லா அக்கா: மெர்!!! எம்-ஒய்-ஆர்-ஆர்-எச். வெள்ளைப்போளம்!

மூணாம் மாடி சார்: 🟩🟩🟩🟩🟩 நாலாவது தடவையில.

ஸ்டெல்லா அக்கா: பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். சாஸ்திரிகள் குழந்தை இயேசுவுக்குக் கொண்டு வந்த காணிக்கை. கிறிஸ்துமஸ் டிராமால மூணாவது சாஸ்திரியா வர்ற பையன் கையில இருக்கற டப்பா அதுதான். அடக்கம் பண்றப்பவும் வரும். நிக்கொதேமு வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டு வந்தார்.

கீழ் வீட்டு மாமா: கரியபோளம் நம்ம நாட்டு மருந்துக் கடையிலயே கிடைக்கும். சோத்துக்கத்தாழைப் பாலைக் கெட்டியாக்கினது, கருங்கட்டியா இருக்கும். சுளுக்குக்கு இழைச்சுப் பத்து போடுவாங்க.

மூணாம் மாடி சார்: வெள்ளைப்போளம் வேற. அது மரத்துப் பிசின். சோமாலியா, எத்தியோப்பியா, ஏமன் பக்கத்து முள்ளு மரம். பட்டையைக் கீறி விட்டா வடியும்.

நர்ஸ் அக்கா: சார், இது அநியாயம். சர்ச்சுக்குப் போறவங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்சவர் இப்படியா பண்ணினார்?

மூணாம் மாடி சார்: இல்லதான். ஜோஷ் வார்டில், கூட வாழ்ந்த பாலக் ஷாவுக்காகச் செஞ்ச ஆட்டம் அது. இங்கிலீஷ்ல அஞ்செழுத்துச் சொல் சுமார் 12,000 எடுத்து அவங்க முன்னாடி வச்சாராம். அவங்கதான் தெரிஞ்ச சொல்லா பொறுக்கி 2,500 பக்கம் குறைச்சாங்க. 2021 அக்டோபர்ல எல்லாருக்கும் திறந்து விட்டார், 2022 ஜனவரியில நியூயார்க் டைம்ஸ் வாங்கிருச்சு.

நர்ஸ் அக்கா: நமக்கும் ஒரு பாலக் ஷா வேணும்.

மூணாம் மாடி சார்: வார்டில் வேல்ஸ்காரர். அந்த ஊர் மொழியில டபிள்யூவே வவல். க்ரூத்னு ஒரு தந்தி வாத்தியம், வில்லு போட்டு வாசிக்கறது. சி-ஆர்-டபிள்யூ-டி-எச். ஒய் கூட கிடையாது. ஸ்க்ராபிள்ல செல்லும். நாளைக்கு அதை வைக்கலாம்னு இருந்தேன்.

கவின் அம்மா: சார், நாளைக்கு அவனுக்கு மேத்ஸ் டெஸ்ட் 🙏🙏

தமிழ் டீச்சர்: ஜெயிச்சவங்கதான் அடுத்த நாள் வைக்கணும். ஸ்டெல்லா முறை.

ஸ்டெல்லா அக்கா: நான் ஏ, ஈ ரெண்டும் உள்ள சொல்லா வைக்கிறேன். பைபிள்ல இருந்து எடுக்க மாட்டேன், போதுமா?