‘நடத்தைக் கோளாறு’க்கு மாற்றாக ஒரு சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

குழந்தை, வளரிளம்பருவ மனநல ஆய்வுகளை அவற்றைச் செய்தவர்களிடமே கேட்டு, நேர்காணலாகத் தமிழில் தரும் எங்கள் சேலத்து வலையொலிக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. பாட்காஸ்டுக்கு ‘வலையொலி’ என்பது காதில் ‘வளையொலி’யாக விழுகிறது என்று சென்ற வாரம் ஒருவர் எழுதியிருந்தார். அது உண்மைதான், ஆனாலும் புழக்கத்தில் ஊன்றிவிட்ட சொல்லை இனி அசைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இப்போது என்னை உறுத்துவது, பிள்ளைகளிடம் காணும் கான்டக்ட் டிஸார்டர் (conduct disorder) என்ற நோய்ப்பெயரை ‘நடத்தைக் கோளாறு’ என்று வழங்கிவருவது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வளையம் கோக்கும் அம்மா ஒருவர், வேலை நேரத்தில் கைப்பேசியைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு எங்கள் நிகழ்ச்சியைக் கேட்பவர். பதின்மூன்று வயது மகளைப் பற்றிப் பள்ளியில் ஓயாமல் புகார் வருவதால்தான் இந்த நோயைப் பற்றிய நேர்காணலைத் தேடிப் பிடித்தார். ‘நடத்தைக் கோளாறு’ என்று நான் சொன்னதுமே நிறுத்திவிட்டாராம். “எம்புள்ள நடத்தையில என்னங்க தப்பு கண்டீங்க?” என்று பிறகு என்னைக் கேட்டபோது அவர் கையில் கோத்த சரம் பாதியில் நின்றிருந்தது. எனக்குப் பதில் வரவில்லை. ‘நடத்தை சரியில்லை’ என்று பெண்பிள்ளையைப் பற்றிச் சொன்னால் நம் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான், அது இந்த நோயோடு தொடர்பில்லாத பொருள். அச்சில் ஐயம் வந்தால் வாசகர் மேலே போய் வரையறையைத் திரும்பப் படிக்கலாம். கைவேலையோடு கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. முதல் தடவை காதில் விழுந்த பொருளே அவருக்கு இறுதியானது.

ஆகவே வரையறையிலிருந்தே தொடங்குவோம். பிறருடைய அடிப்படை உரிமைகளையோ வயதுக்குரிய சமூக விதிகளையோ திரும்பத் திரும்ப மீறுவது என்பதே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற நோயறி கையேட்டின் சாரம். மனிதரையும் விலங்கையும் துன்புறுத்தல், பொருள்களை அழித்தல், ஏமாற்றுதல் அல்லது திருட்டு, கடுமையான விதிமீறல் என நான்கு தொகுதிகளில் 15 அடையாளங்களை அது தருகிறது. கடந்த 12 மாதங்களில் அவற்றுள் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், குறைந்தது ஒன்று கடைசி 6 மாதங்களுக்குள் நிகழ்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் பேனா திருடிய பிள்ளை இதில் வராது. மீறலும் அது தொடர்வதும் சேர்ந்தால்தான் நோய் என்பதால் ‘தொடர்மீறல் கோளாறு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11 இதே நோயைக் கான்டக்ட்-டிஸ்சோஷியல் டிஸார்டர் என்கிறது, அதாவது சமூக நெறிக்கு மாறானது என்பதையும் பெயரிலேயே சேர்க்கிறது. நடத்தை என்பதை மட்டும் பெயர்த்தால் போதாது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

குழுவில் வந்த ‘பண்புப் பிறழ்வு’ ஓசையில் நன்றாக இருக்கிறது, ஆனால் பிள்ளையின் பிறவிக் குணத்தையே அது குற்றம் சாட்டுகிறது. ‘வரம்புமீறல்’ எனக்குப் பிடித்த சொல்தான், வயல் வரப்பு உடனே கண்முன் வரும். ஆயினும் செய்தித்தாள்கள் அதைப் பாலியல் அத்துமீறலுக்குப் பழக்கிவிட்டன, மறுபடியும் அதே பள்ளத்தில்தான் விழுவோம்.

‘தொடர்’ என்பது பிள்ளை காலமெல்லாம் இப்படித்தான் என்று முத்திரை குத்தாதா என்று ஏற்காட்டு நண்பர் கேட்டது வலுவான கேள்வி. சமூக விரோத நடத்தை உடையவர்களுள் பலருக்கு அது வளரிளம் பருவத்தோடு அடங்கிவிடுகிறது, சிறு வயதில் தொடங்கி வாழ்நாள் நெடுகச் செல்வது ஒரு சிறு பிரிவினருக்கே என்று உளவியலாளர் டெரி மாஃபிட் 1993இல் எழுதிய கட்டுரை பிரித்துக் காட்டியது. அந்த இரண்டாம் பிரிவுக்கு ‘வாழ்நாள் நீடிப்பு’ என்று தனிச்சொல் வைத்துக்கொண்டால், ‘தொடர்’ என்பது அடுத்தடுத்து நிகழ்வதை மட்டும் குறித்து நிற்கும். ‘மீள்மீறல்’ என்றும் எண்ணிப் பார்த்தேன். ஒலிவாங்கிமுன் மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் நாக்கு இடறியது.

‘கோளாறு’ வேண்டாம், ‘குறைபாடு’ என்று மாற்றலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குறைபாடு என்றால் ஏதோ ஒன்று போதாமல் இருப்பது, இரும்புச்சத்துக் குறைபாடு போல. இங்கே எதுவும் போதாமல் இல்லை. கோளாறு என்றால் சரிசெய்யலாம் என்ற நம்பிக்கையும் நம் பேச்சில் சேர்ந்தே வருகிறது. பெற்றோர் பயிற்சி இதற்குப் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கும்போது அந்த நம்பிக்கையைக் கைவிடக் கூடாது.

இதன் உடன்பிறப்பான, பெரியவர்களை ஓயாமல் எதிர்த்து நிற்கும் ஆப்போசிஷனல் டிஃபயன்ட் டிஸார்டருக்கு ‘முரண்டுக் கோளாறு’ போதும் என்று நினைக்கிறேன். ‘முரண்டு பிடிக்கிறான்’ என்று எந்தப் பாட்டியும் சொல்வார், விளக்கமே தேவையில்லை.

அந்த நேர்காணலின் முன்னுரையை வரும் ஞாயிறு மீண்டும் பதிவு செய்கிறேன். மறுப்பு இருப்பவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளை நேரில் பார்க்கும் மருத்துவர்கள், அதற்குள் எழுதிவிடுங்கள். பதிவானதும் முதலில் அந்த அம்மாவிடம்தான் போட்டுக் காட்டப் போகிறேன்.