புதுப்பிப்பு: மாணவர் குறும்படத்தின் படத்தொகுப்பும் மதிப்பீடும்

எங்கள் துறையின் இறுதியாண்டு மாணவர்கள் எடுத்த குறும்படத்தில், பேருந்து நிலையத்தில் மகனை வழியனுப்பும் தாயின் நீண்ட காட்சியைக் குறைக்கலாமா என்றும், படத்தொகுப்புக்கு எந்த அடிப்படையில் மதிப்பெண் வழங்குவது என்றும் முன்பு கேட்டிருந்தேன். இரண்டும் இப்போது முடிவாகிவிட்டன.

காட்சியைக் குறைத்தோம். ஆனால் பேருந்து கிளம்பிய பிறகு தாய் முந்தானையால் கையைத் துடைத்துக்கொள்ளும் குளோசப் முழுமையாக இருக்கிறது; வசனம் ஏற்கெனவே சொல்லிவிட்டதைத் திரும்பக் காட்டிய ஷாட்டுகளே நீக்கப்பட்டன. அடுத்த காட்சியின் மிக்ஸி ஓசையை, படம் மாறுவதற்குச் சற்று முன்பே தாயின் முகத்தின்மீது தொடங்கவிட்டதும், உறுத்திக்கொண்டிருந்த வெட்டு (ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்) இயல்பாகிவிட்டது. நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் ஆறு பிரேம் என்பது கால் நொடிதான் என்றாலும், வெட்டை அந்த அளவு முன்பின்னாக நகர்த்தும்போது காட்சியின் மனநிலையே மாறுவதை மாணவர்கள் நேரில் கண்டார்கள்.

மதிப்பீட்டுக்கு அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச்சின் ஆறு அளவுகோல்களை எடுத்துக்கொண்டோம். நல்ல வெட்டில் உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10 விழுக்காடு என்பது அவர் கணக்கு. பார்வையாளரின் கண் செல்லும் தடம், திரையின் இருபரிமாணச் சமதளம், காட்சி நடக்கும் முப்பரிமாண இடத்தின் தொடர்ச்சி ஆகியவை மீதி 16ஐப் பகிர்ந்துகொள்கின்றன. இவை வெட்டை மட்டுமே அளப்பதால், ஒலிக்குத் தனி மதிப்பெண் வைத்தது சரியென்றே உறுதியாக நம்புகிறேன். தாயின் தோள்பை ஷாட்டுக்கு ஷாட் தோள் மாறியிருந்ததற்காக மதிப்பெண்ணைக் கடுமையாகக் குறைக்க வேண்டுமென்று சக தேர்வாளர் வாதிட்டார். அவ்விடத்தில் உணர்ச்சி அறுபடவில்லை என்பதை மீண்டும் ஓட்டிப் பார்த்த பின் அவரும் ஏற்றுக்கொண்டார். பின்னணி இரைச்சல் வெட்டுக்கு வெட்டு மாறுவதை மாணவர்கள் இப்போது சரிசெய்து வருகிறார்கள்.