காட்டுப் பாதையில் பழகிய கத்தியவாரி பெண்குதிரை விற்க வேண்டும், வழி சொல்லுங்கள்

கொடைக்கானலில் இருக்கும் எங்கள் கத்தியவாரி இனப் பெண்குதிரையை விற்க வேண்டியிருக்கிறது. வயது 9, உயரம் 58 அங்குலம். ஓடையில் தயங்காமல் இறங்கும், பின்னால் ஜீப் ஹாரன் அடித்தாலும் மிரளாது, ஏறி உட்காரும் வரை அசையாமல் நிற்கும், லாடம் அடிக்கும்போது காலைத் தானே தூக்கிக் கொடுக்கும், அவ்வளவு நல்ல குணம். வேறு குதிரை முந்தினால் மட்டும் வேகம் எடுக்கப் பார்க்கும், அதனால் புதிதாகக் கற்கும் சிறுவர்களுக்கு வேண்டாம்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள், ஆனால் அந்தக் கூட்டத்தில் ஆள் பார்த்துக் கொடுக்க முடியுமா? நாள் முழுக்க வாடகைச் சவாரிக்கு விடுகிறவர்களுக்குக் கொடுக்க மனசில்லை. நியாயமான விலை என்ன, அப்புறம் கிளாண்டர்ஸ் (குதிரைகளுக்கு வரும் தொற்றுநோய்) ரத்தப் பரிசோதனைக்கு யாரைக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாங்க நினைப்பவர்கள் நேரில் வந்து ஓட்டிப் பார்க்கலாம்.