விரலால் வரைந்தால் மேப் நகர்கிறது, நகர்த்தினால் புள்ளி விழுகிறது

வேளச்சேரி_மேப் (கேள்வி)

மழை நாளில் தண்ணீர் தேங்கும் இடத்தைத் தன்னார்வலர்கள் போனிலேயே குறித்து அனுப்ப ஒரு வெப் மேப் தயாராகிறது. வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை வட்டாரம். மேப்பைக் காட்டும் லைப்ரரி லீஃப்லெட் 1.9, அடியில் படமாக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். தெரு என்றால் விரலை இழுத்துக் கோடு. பரப்பு என்றால் மூலை மூலையாகத் தட்டிவிட்டுக் கடைசியில் இரட்டைத் தட்டு. 'வரை' பட்டனை அழுத்தியதும் மேப்பின் டிராகை (இழுத்து நகர்த்துவதை) டிசேபிள் செய்துவிடுகிறோம்.

கோடு பாதியில் அறுந்து, பக்கம் ஸ்க்ரோல் ஆகிவிடுகிறது. மேலிருந்து கீழே இழுத்தால் ஆண்ட்ராய்டு குரோமில் ரீஃப்ரெஷ் ஆகி வரைந்ததெல்லாம் போச்சு. பரப்பு திரைக்கு வெளியே நீண்டால் நகர்த்த வழியில்லை. அதற்காக ஒரு 'கை' பட்டன் வைத்தால், கை மோடில் இருப்பதை மறந்து தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இரட்டைத் தட்டில் பரப்பு முடியும்போதே மேப்பும் ஜூம் ஆகிறது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

கோணல்கோடு

முதலில் அறுகிற கோடு. லீஃப்லெட்டில் டிராக் ஆனில் இருக்கும்வரை மேப் பெட்டியில் 'லீஃப்லெட்-டச்-டிராக்' என்ற கிளாஸ் (சிஎஸ்எஸ், அதாவது தோற்ற விதிகள், பிடித்துக்கொள்ளும் பெயர்) இருக்கும். டிசேபிள் செய்ததும் அது கழன்றுவிடும். மிஞ்சுவது டச்-ஜூம் கிளாஸ்; அதற்கான சிஎஸ்எஸ் 'டச்-ஆக்‌ஷன்: பேன்-எக்ஸ் பேன்-ஒய்'. அதாவது, ஒற்றை விரல் இழுப்பை நீங்களே பிரவுசரிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். இது ஸ்க்ரோல்தான் என்று பிரவுசர் முடிவு செய்ததும் 'பாயின்டர்கேன்சல்' (தொடுகை ரத்து) என்ற செய்தி வரும். அதற்குப் பிறகு அந்த விரலுக்கு 'பாயின்டர்மூவ்' (விரல் நகர்ந்த செய்தி) வராது. கோடு அந்த இடத்தில் நின்றுவிடும்.

வரையும் மோடுக்கு ஒரு தனி கிளாஸ் போட்டு அதில் 'டச்-ஆக்‌ஷன்: நன்' (பிரவுசர் எதையும் கையில் எடுக்காதே என்று அர்த்தம்) கொடுங்கள். இரண்டு இடத்தில் சறுக்கும். விரல் பட்ட பிறகு, 'பாயின்டர்டவுன்' உள்ளே போய் மாற்றினால் அந்த இழுப்புக்குப் பலிக்காது. பட்டனை அழுத்தும்போதே மாறியிருக்க வேண்டும். அடுத்தது, லீஃப்லெட்டின் செலக்டரில் (விதி எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் பகுதியில்) இரண்டு கிளாஸ் சேர்ந்திருக்கிறது. உங்களுடையதில் ஒன்றே ஒன்று இருந்தால் அது தோற்றுப்போகும்.

பட்டன் பட்டையிலிருந்து இழுத்தாலும் ரீஃப்ரெஷ் ஆகாமல் இருக்க, பக்கத்தின் ரூட்டுக்கு 'ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்-ஒய்: கன்டெய்ன்'. அதோடு நிற்காமல் ஒவ்வொரு புள்ளியையும் விழ விழ லோக்கல்ஸ்டோரேஜில் (பிரவுசரின் சேமிப்பில்) எழுதுங்கள். மழையில் நிற்பவருக்கு போன் அழைப்பும் வரும், திரை ஓரத்தில் விரல் பட்டு 'பேக்' ஆகவும் செய்யும்.

இரட்டைத் தட்டை எடுத்தே விடுங்கள். மூன்றாவது மூலை விழுந்ததும் 'முடி' பட்டன் தோன்றினால் போதும். கணினிக்காக வைத்தே ஆக வேண்டுமென்றால், வரைய ஆரம்பிக்கும்போது டபுள்-கிளிக் ஜூமை ஆஃப் செய்து, முடிந்து கால் நொடி கழித்து ஆன் செய்யுங்கள். உடனே ஆன் செய்தால் அந்தக் கடைசி கிளிக்கே ஜூம் செய்துவிடும். ஒரே இடத்தில் இரண்டு மூலை பதிவாகியிருக்கும், அதையும் ஒன்றாக்க வேண்டும்.

புள்ளிமான்

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் போனில் பரப்பை விரலால் தட்டி வரையச் சொல்வதே எனக்கு உடன்பாடில்லை. கணக்கைப் பாருங்கள். ஜூம் 18இல் சென்னையில் ஒரு பிக்சல் சுமார் 0.58 மீட்டர். 40க்கு 60 அடி மனை, நம்ம ஊர் ஒரு கிரவுண்ட், திரையில் 21க்கு 31 பிக்சல்தான். பட்டனுக்கே 44 பிக்சல் கேட்கிறோம். விரலை வைத்தால் மனையே மறைந்துவிடும், மூலையை எங்கே பார்ப்பது?

நடுவில் குறுக்குக்குறி அசையாமல் நிற்கட்டும், மேப் அதன் கீழே நகரட்டும். மூலை குறிக்கு நேராக வந்ததும் கீழே 'புள்ளி வை'. ஒற்றை விரல் எப்போதுமே நகர்த்த மட்டும்தான் என்பதால் 'கை' பட்டனே வேண்டாம். திரையைத் தாண்டும் பரப்பு என்ற சிக்கலும் இதோடு தீர்ந்தது. கடைசிப் புள்ளியிலிருந்து குறி வரை ஒரு விட்டுவிட்ட கோடு ஓடினால், அடுத்து என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செய்யும்போது மாட்டும் இடங்கள்:

மேப்பைச் சுண்டிவிட்டால் அது வழுக்கிக்கொண்டே போகும். அதற்குள் 'புள்ளி வை' அழுத்தினால் புள்ளி நாலு வீடு தள்ளி விழும். வரையும் மோடில் இனர்ஷியாவை (இந்த வழுக்கலை) ஆஃப் செய்யுங்கள்.

கீழே பாதித் திரைக்குப் படிவம் ஏறியிருந்தால், கண்ணுக்குத் தெரியும் பகுதியின் நடுவும் மேப்பின் நடுவும் வேறு வேறு. மேப்பின் நடுவைத் தரும் 'கெட்சென்டர்' ஃபங்ஷனை நம்பினால் எல்லாப் புள்ளியும் ஒரே பக்கமாகத் தள்ளி விழும். குறி நிற்கும் பிக்சலை 'கன்டெய்னர்பாயின்ட்டூலாட்லாங்' வழியாக அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றுங்கள்.

பிரவுசரின் முகவரிப் பட்டை மறைந்து மேப் பெட்டி உயரம் மாறினாலும் இதே கோளாறு வரும். பெட்டியின் அளவை மறுபடி பார்க்கச் சொல்லும் 'இன்வேலிடேட்சைஸ்' கூப்பிட வேண்டும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டைல் (மேப்பின் படத் துண்டு) ஜூம் 19 வரைதான். 'மேக்ஸ்நேட்டிவ்ஜூம்' 19, 'மேக்ஸ்ஜூம்' 21 என்று வையுங்கள். படம் மங்கும், பரவாயில்லை. ஜூம் 20இல் அந்த கிரவுண்ட் 84க்கு 126 பிக்சல் ஆகிவிடும்.

வேளச்சேரி_மேப்

குறுக்குக்குறி பரப்புக்குச் சரி. தெருக் கோட்டுக்கு? வளைந்து வளைந்து போகும் தெருவுக்கு முப்பது தடவை 'புள்ளி வை' அழுத்தச் சொன்னால் அடிக்க வருவார்கள். இன்னொன்று, வந்ததையெல்லாம் கணினியில் இரண்டு பேர் திருத்துவார்கள். அவர்களுக்கும் இதே கருவியா?

கோணல்கோடு

தெருவுக்கு இழுப்புதான். ஒரு விரல் வரையும், இரு விரல் நகர்த்தும். டிராக் ஆஃபில் இருந்தாலும் லீஃப்லெட்டின் இரு விரல் பிஞ்ச் ஜூமோடு சேர்த்து நகர்த்தவும் செய்யும், தனியாக எழுத வேண்டாம். ஆனால் 'ஜூம்ஸ்னாப்' 1 என்று விட்டால், விரலை எடுத்ததும் மேப் முழு எண் ஜூமுக்குத் துள்ளும். வரைபவருக்கு இடம் தப்பிவிடும். 0 ஆக்குங்கள். இரண்டு விரலும் ஒரே நேரத்தில் படாது, முதல் விரல் அதற்குள் ஒரு சின்ன வால் கிறுக்கியிருக்கும். முதல் 150 மில்லிசெகண்டுக்குள் இரண்டாவது விரல் வந்தால் அந்த வாலைத் தூக்கிப் போடுங்கள்.

விரல் எடுத்ததும், மேப் கணக்குகளுக்கான லைப்ரரி டர்ஃப்பின் சிம்ப்ளிஃபை; தேவையில்லாத புள்ளிகளைக் குறைத்துவிடும். டாலரன்ஸ் (கோடு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு) டிகிரியில் போகும்: 0.00001 என்றால் ஏறக்குறைய 1.1 மீட்டர். தெருவுக்கு 0.00002 தாராளம்.

சதுரஅடி

கணினிக்குக் குறுக்குக்குறி வேண்டாம், மவுஸ் முனையே போதுமான கூர்மை. அங்கே கிளிக் புள்ளி வைக்கும், அழுத்தி இழுத்தால் மேப் நகரும். மோடு மாற்றம் கிடையாது. இரண்டையும் பிரிப்பது எத்தனை பிக்சல் அசைந்தது என்பதுதான். லீஃப்லெட், அதுபோன்ற இன்னொரு லைப்ரரியான மேப்லிபர் இரண்டிலும் அந்த வரம்பு 3 பிக்சல். கை கொஞ்சம் நடுங்கினாலே கிளிக், இழுப்பாகி, புள்ளி விழாமல் போகும். மற்றொரு மேப் லைப்ரரியான ஓப்பன்லேயர்ஸின் வரையும் கருவி 'டிரா' 6 வைத்திருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பேக்ஸ்பேஸ் கடைசிப் புள்ளியை மட்டும் எடுக்க வேண்டும். எஸ்கேப்பில் மொத்தத்தையும் அழிப்பதாக இருந்தால் திரும்பப் பெற வழி வையுங்கள்.

திருத்தும்போது மூலைப் பிடி 10 பிக்சலாகத் தெரியட்டும், ஆனால் தொடும் பரப்பு குறைந்தது 24 இருக்கட்டும். எல்லோரும் பயன்படுத்தக்கூடிய வெப் பக்கத்துக்கான வழிகாட்டி, டபிள்யூசிஏஜி 2.2இன் ஏஏ நிலை கேட்பதும் அதுதான். அதே நிலையில் இன்னொரு விதி: இழுத்துச் செய்யும் எதற்கும் இழுக்காமல் செய்யும் வழியும் வேண்டும். மேப்பை நகர்த்த நாலு அம்புக்குறி பட்டன் அழகைக் கெடுக்கிறது என்று டிசைனர் எடுத்துவிடுவார், விடாதீர்கள்.

ஸ்னாப்பிங் (பக்கத்தில் இருக்கும் கோட்டில் புள்ளி தானாக ஒட்டுவது) போட்டால் வரம்பு பிக்சலில் இருப்பதை மறக்க வேண்டாம். 10 பிக்சல் ஜூம் 18இல் ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஜூம் 15இலோ 46 மீட்டர். வெளியே ஜூம் செய்து வரைபவரின் புள்ளி பக்கத்துத் தெருவில் போய் ஒட்டிக்கொள்ளும். ஜூம் 17க்குக் கீழே ஸ்னாப்பை ஆஃப் செய்வது உத்தமம்.

சதுர அடி காட்டப் போகிறீர்கள் என்றால், மெர்கேட்டர் தளத்தில் (வெப் மேப் உலகைத் தட்டையாக விரிக்கும் முறையில்) கணக்குப் போடாதீர்கள். சென்னை இருக்கும் 13 டிகிரியில் பரப்பு சுமார் 5.4 சதவீதம் கூடிவரும். 2400 சதுர அடி கிரவுண்ட் 2530 என்று காட்டும். டர்ஃப்பின் ஏரியா கோளத்தின் மீது கணக்கிடுகிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

புள்ளிமான்

ஒன்று விட்டுப்போச்சு. லீஃப்லெட்டுக்கு அட்சரேகை முதலில், வரைந்ததைச் சேமித்து அனுப்பும் வடிவமான ஜியோஜேசனுக்கு தீர்க்கரேகை முதலில். 80.27, 13.08 என்பதை மாற்றிப் போட்டால் சென்னைப் புள்ளிகள் ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டு பக்கம் போய் நிற்கும். சர்வரிலேயே ஒரு சோதனை வையுங்கள்: முதல் எண் (தீர்க்கரேகை) 79க்கும் 81க்கும் நடுவில் இல்லையென்றால் வாங்காதே.