சீனி சேர்க்காத கிரனோலா, மாவுச்சத்துக் கணக்குக்கு ஒத்து வருமா? (மலேசியா, சுங்கை சிப்புட் வட்டாரம்)

பால்மரத்தடி:
நம்ம டவுன் மினிமார்க்கெட்டில் ‘தன்பா குலா தம்பஹான்’ (சீனி சேர்க்காதது) என்று போட்ட கிரனோலா, அதாவது ஓட்ஸும் கொட்டைகளும் கலந்து மொறுமொறுவென வாட்டிய பசியாறல் கலவை, விற்கிறார்கள். சேர்மானத்தில் முதலில் ஓட்ஸ், அடுத்தது பேரீச்சம்பழ விழுது, பிறகு பாதாம். 100 கிராமுக்கு மாவுச்சத்து 58, அதில் சீனி 14. நார்ச்சத்து தனி வரியில் 8. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர் பசியாறலை (காலை உணவை) 15 கிராம் மாவுச்சத்துக்குள் முடிக்க வேண்டும். இது ஆகுமா?

தராசுத்தட்டு:
ஆகாது. சீனி சேர்க்கவில்லை என்பது வேறு, சீனியே இல்லை என்பது வேறு. சீனி இல்லை என்று போட 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சீனி வரியை மட்டும் பார்ப்பதும் தப்பு. ஓட்ஸில் இருக்கும் மாவும் வயிற்றுக்குள் போனால் குளுக்கோஸ்தான். 40 கிராமிலேயே 23 கிராம் மாவுச்சத்து வந்துவிடுகிறது. தராசு இல்லாமல் கிண்ணத்தில் கொட்டினால் சாதாரணமாக 90 கிராம் விழும். அது 52 கிராம் மாவுச்சத்து, கிட்டத்தட்ட 185 கிராம் வெள்ளைச் சோற்றுக்குச் சமம். ஓட்ஸ் இல்லாத கிரனோலாதான் வழி.

லயத்து அடுப்பு:
தம்பி, ஓட்ஸை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பீட்டா குளுக்கன் என்ற நார் அதில் இருக்கிறது. பாதாமும் வால்நட்டும் மட்டுமே போட்டுச் செய்தால் தோட்டத்துச் சம்பளத்தில் எத்தனை மாதம் தாங்கும்?

தராசுத்தட்டு:
அக்கா, பீட்டா குளுக்கன் ஒரு நாளைக்கு 3 கிராம் போனால்தான் பலன். 40 கிராம் ஓட்ஸில் ஒன்றரை கிராம் அளவுதான் இருக்கும், கூடவே 23 கிராம் மாவுச்சத்து வரும். விலைதான் கவலை என்றால் கச்சான் (நிலக்கடலை) போடலாம். 100 கிராம் கச்சானில் நார் கழித்து மாவுச்சத்து 8 கிராம், பாதாமில் 9. முந்திரியைத் தொடவே வேண்டாம், அதில் 27.

நார் கழிப்பதிலும் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். அமெரிக்கப் பாக்கெட்டில் மாவுச்சத்து எண்ணுக்குள் நாரும் சேர்ந்திருக்கும், அதைக் கழிக்கலாம். பிரிட்டன், ஆஸ்திரேலியப் பாக்கெட்டில் ஏற்கெனவே கழித்திருப்பார்கள். மறுபடி கழித்தால் கணக்கு பொய்யாகிவிடும். சந்தேகமென்றால் கலோரியை வைத்துச் சரிபாருங்கள். புரதம் 12, கொழுப்பு 30, மாவுச்சத்து 30, நார் 10 என்று இருந்தால் 12×4, 30×9, 30×4, 10×2 எல்லாம் கூட்டி 458. பாக்கெட்டில் 458-ஐ ஒட்டி இருந்தால் நார் தனி. 420, 440 என்று குறைந்திருந்தால் நார் அந்த 30-க்குள்ளேயே இருக்கிறது.

பால்மரத்தடி:
சரி, வீட்டில் செய்தால் அளவு என்ன? தேங்காய் எண்ணெய் ஊற்றிச் செய்தால் கட்டியே சேராமல் தூளாகப் போகிறதே, ஏன்?

லயத்து அடுப்பு:
குளிர் நாட்டுக் குறிப்பைப் பார்த்துச் செய்தால் அப்படித்தான் ஆகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உருகிவிடும். நம்ம ஊர்ச் சூட்டில் அது உறைந்து பிடிக்காது. சீனிப்பாகோ தேனோ இல்லாத இடத்தில் முட்டை வெள்ளைதான் பிடிமானம்.

தோல் நீக்கிய பச்சைக் கச்சான் 120 கிராம் (ஒன்றிரண்டாக உடைத்தது), பூசணி விதை 60, சூரியகாந்தி விதை 40, இனிப்பில்லாத உலர்ந்த தேங்காய்ச் சீவல் 50, ஆளிவிதைத் தூள் 20, பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. ஒரு முட்டையின் வெள்ளையை நுரை வர அடித்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோடு பிசறுங்கள். தட்டில் காகிதம் விரித்து, விரல் பருமனுக்கும் குறைவாகப் பரப்பி அழுத்துங்கள். அவனில் 150 டிகிரியில் 25 நிமிடம். நடுவில் கிளறினால் கட்டி உடையும், தட்டை மட்டும் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். அதைப் பார்த்து மறுபடி உள்ளே தள்ளினால் கச்சான் கருகிக் கசக்கும். தட்டிலேயே 40 நிமிடம் ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.

ஈரத் தேங்காய்த் துருவல் வேண்டாம், அதில் பாதி தண்ணீர். பூசணம் பிடித்த, சுருங்கிய கச்சானை எடுத்து எறியுங்கள், அதில் இருக்கக்கூடிய நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது.

இப்போது கணக்கு. மொத்தத்தில் நார் கழித்து மாவுச்சத்து சுமார் 20 கிராம், செய்து முடித்தால் கிரனோலா 300 கிராம் வரும். 40 கிராம் சாப்பிட்டால் 3 கிராம் கூட இல்லை. இதிலேயே 60 கிராம் ஓட்ஸ் சேர்த்தாலும் 40 கிராமுக்கு 6 கிராம்தான். 15-க்குள் அழகாக அடங்குகிறதே!

தராசுத்தட்டு:
கணக்கு சரி, 15 கிராம் எல்லைக்கு ஏற்றுக்கொள்கிறேன். ஒரு நாளைக்கே மொத்தம் 20 கிராம் என்று இருப்பவருக்கு ஆகாது, மூன்றில் ஒரு பங்கு காலையிலேயே போய்விடும். மேலே 200 மில்லி பால் ஊற்றினால் இன்னும் 9, 10 கிராம் கூடும். ஓட்ஸ் பால் வேண்டவே வேண்டாம், அதில் மாவு உடைந்து மால்ட்டோஸ் ஆகியிருக்கும். கட்டித் தயிர் 100 கிராம் போதும், 4, 5 கிராம்தான்.

செம்பனைக்காடு:
இனிப்புக்கு, சீனிக்குப் பதிலான எரித்ரிட்டால் போடலாமே?

தராசுத்தட்டு:
போடலாம், ஆனால் பொன்னிறமாகாது, ஆறியதும் மறுபடி படிகமாகி நாக்கில் குளிர்ச்சியாக நறநறக்கும். தூளாக்கி 20 கிராம் போடுங்கள். அதுபோன்ற இன்னொரு இனிப்பான அல்லுலோஸ் சிவக்கும், அதனால் சூட்டை 140-க்கு இறக்குங்கள். மால்ட்டிட்டால் என்ற இனிப்பு மட்டும் வேண்டாம், இரத்தத்தில் சீனியை ஏற்றும்.

லயத்து அடுப்பு:
இதில் எனக்கு உடன்பாடில்லை. நாக்கை இனிப்பிலேயே வைத்திருந்தால் குலா மலாக்காவை (பனைவகை வெல்லத்தை) தேடிக்கொண்டேதான் இருக்கும். பட்டையும் வறுத்த தேங்காயும் உப்பும் போதும்.

செம்பனைக்காடு:
ஏர் ஃபிரையரில் செய்பவர்கள் 140 டிகிரி வைத்து, மேலே கம்பி வலை போடுங்கள். தேங்காய்ச் சீவல் காற்றில் பறந்து சூட்டுக் கம்பியில் ஒட்டிக் கருகும்.

முக்கியமான ஒன்று. இன்சுலின், கிளிக்கிளாசைட் (இரத்தச் சீனியைக் குறைக்கும் மாத்திரை) எடுப்பவர் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சீனி ஒரேயடியாக இறங்கலாம். கிளினிக்கில் சொல்லி, மருந்தளவைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கொட்டை வகைகளின் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். பசியாறும் முன்னும், முதல் வாயிலிருந்து 2 மணி நேரம் கழித்தும் விரலில் குத்தி இரத்தச் சீனியைப் பார்த்தால் ஓட்ஸ் அந்த உடம்புக்கு ஒத்து வருகிறதா என்று தெரிந்துவிடும்.

பால்மரத்தடி:
ஓட்ஸ் இல்லாமல் ஒரு தட்டு, 60 கிராம் சேர்த்து ஒரு தட்டு செய்து, இரண்டையும் குத்திப் பார்த்து எழுதி வைக்கச் சொல்கிறேன். எத்தனை நாள் தாங்கும்?

லயத்து அடுப்பு:
இந்த ஈரக் காற்றில் திறந்து வைத்தால் ஒரே நாளில் நமத்துவிடும். நன்றாக ஆறிய பிறகு இறுக்கமான போத்தலில் போட்டால் இரண்டு வாரம். நமத்தால் 120 டிகிரியில் 8 நிமிடம் காட்டி ஆறவிடுங்கள். சிக்கு வாடை வந்தால் ஆளிவிதை கெட்டுவிட்டது, கொட்டிவிடுங்கள். ஓட்ஸ் போட்ட போத்தலுக்கு வேறு நிற மூடி போடச் சொல்லுங்கள், பார்க்க இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.